ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் பதிந்த பாட்டு

ஓய்வு பெற்றவளை ஆபீஸ் மறந்துவிடும் என்பார்கள். பொய். ஏதாவது ஒன்று ஓடாமல் நின்றால் முதலில் நம் ஞாபகம்தான் வரும். போன வாரம் போர்ட் பிளேயர் ஷாதிபூரில் என் வீட்டில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பழைய கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். பிரவுசரிலேயே ஒலி பதியும் எங்கள் வலைப்பக்கத்தைப் புதுப்பிக்கிறார்களாம். பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதியைப் பாட்டுக்கு மட்டும் அணைத்துவைக்கும்படி எழுதியிருக்கிறேனே, அது எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"கை வெச்சுப் பாரு, ஆட்டோ புடிச்சு அங்கேயே வந்துடுவேன்" என்றேன். சிரித்துவிட்டு, காரணத்தையாவது சொல்லுங்கள் என்றாள். மீன் கையோடு சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அன்றைக்கு இருந்த படபடப்பு இன்றைக்கும் வந்துவிடுகிறது.

என் வாப்பாவுக்கு அபர்டீன் பஜாரில் ஜவுளிக்கடை. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பம். படித்த பெண்ணுக்கு டீச்சர் வேலைதான் லாயக்கு என்று வீட்டில் முடிவு செய்து வைத்திருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் டேட்டா என்ட்ரி வேலைக்கு எழுதிப்போட்டேன், கிடைத்தும்விட்டது. மெயின்லேண்டுக்குக் கப்பலில் போய்ப் பயிற்சி எடுத்தேன். போகும்போது மூன்று நாளும் வாந்தி, வரும்போது கொஞ்சம் புரோகிராமிங். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் அரிசி, சர்க்கரை, சம்பளம், கப்பல் டிக்கெட் என்று எண்களோடு மாரடித்தேன். குறை சொல்லவில்லை, அதுதான் சோறு போட்டது. ஆனால் காலையில் எழுந்து ஆபீஸுக்கு ஓட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தது பிரவுசர். அதுவரை ஒரு வலைப்பக்கத்தில் குரலைப் பதிய வேண்டுமென்றால் தனியாக ஏதேதோ நிறுவ வேண்டும், அது பாதிப் பேரின் மெஷினில் ஓடாது. பிறகு, ஒன்றும் நிறுவ வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டே போதும் என்று படித்தேன். நம்பிக்கையில்லாமல்தான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். முதலில் பிரவுசரிடம் மைக்கைக் கேட்க வேண்டும். அது ஆளைப் பார்த்து, இந்தப் பக்கம் உங்கள் மைக்கைப் பயன்படுத்தலாமா என்று அனுமதி கேட்கும். கிடைத்ததும் மைக்கை, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் மீடியா ரெக்கார்டரின் கையில் ஒப்படைக்க வேண்டும். அது ஒலியைத் துண்டு துண்டாக நம்மிடம் தரும். துண்டுகளை வரிசை மாறாமல் சேர்த்துக் கட்டினால் ஒரு ஃபைல். அவ்வளவுதான், ஒரு கையகல புரோகிராம்.

அனுமதியை அழுத்தினேன். "ஜரீனா பேசுறேன், கேக்குதா" என்றேன். நிறுத்திவிட்டு ஓடவிட்டால், கேட்டது! பக்கத்து மேஜை ராவ் காருவைக் கூப்பிட்டேன். தெலுங்குக்காரர், வாயைத் திறந்தால் மூடமாட்டார், அன்று மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டு "ஹலோ" என்று மட்டும் சொன்னார். திருப்பிப் போட்டதும் தன் குரல் இப்படியா இருக்கும் என்று சண்டைக்கு வந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் வங்காளி, மலையாளி, இந்திக்காரர் என்று தளமே என் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றது. சம்பள நாளில்கூட அந்த வரிசையை நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு எங்கள் மேலதிகாரி வந்தார். ஞானமுத்து சார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர், சின்ன வயதிலேயே தீவுக்கு வந்தவர், பாதிப் பேச்சு இந்தியில் வரும். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதுதான் அவர் வழக்கம். என்ன புதிதாகச் செய்தாலும் அவர் திரையைப் பார்க்கமாட்டார், நாம்தான் வாயால் சொல்ல வேண்டும். "திரையப் பாத்தா எனக்குப் புரிஞ்ச மாதிரி ஆயிடும்மா. நீங்க சொல்லுங்க, புரியுதான்னு பாப்போம்" என்பார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். முதுகிடம் எவ்வளவு நேரம் பேசுவது?

அன்று முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னதுதான் குரல் மனு. வெளித்தீவுகளில் இருப்பவர்களுக்கு ஒரு மனு எழுத வேண்டுமென்றால், எழுதத் தெரிந்தவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். எழுதுகிறவன் தன் இஷ்டத்துக்கு எழுதுவான். "பேசச் சொன்னா அவங்களே பேசிடுவாங்கம்மா. அவங்கவங்க பாஷைல பேசட்டும், கேக்குறது நம்ம வேல" என்றார்.

பக்கத்தைச் செய்து முடித்தால், என் மெஷினில் அருமையாக ஓடியது, ராவ் காரு மெஷினில் மைக் என்ற ஒன்றே இல்லை என்றது. வயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், ராவ் காருவை எழுப்பி நான் உட்கார்ந்தும் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. சார் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்ன செய்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார். கடுப்போடு ஆரம்பித்தேன். முகவரியை அடிக்கிறேன் என்று முதல் வரியைச் சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. நான் அடித்தது என் மெஷினுக்குள்ளேயே இருக்கும் முகவரி. ராவ் காரு அடித்தது ஆபீஸ் நெட்வொர்க்கின் பூட்டில்லாத பழைய முகவரி. பாதுகாப்பில்லாத வழியாக வரும் பக்கத்துக்கு பிரவுசர் மைக்கைத் தராது, கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று சாதிக்கும். பாதுகாப்பான முகவரிக்கு மாற்றினோம், ஓடியது. அதற்குப் பிறகு நான் அந்த முதுகோடு சண்டை போடவில்லை.

குரல் மனு வெளித்தீவுகளுக்குப் போனது. மனுக்களும் வந்தன. ஆனால் மனிதக் குரலைவிட ஜெனரேட்டர் சத்தம்தான் அதிகம் வந்தது. பாதித் தீவுகளில் கரண்டே டீசலில்தான். சாருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. கார் நிக்கோபார் தீவில் பவர் ஹவுஸை ஒட்டிய குவார்ட்டர்ஸில் பல வருடம் குடியிருந்தவர். தூங்கினால் காதுக்குள் இப்போதும் ஓடுகிறது என்பார். மனுவில் ஆள் பேசுவது மட்டும்தான் கேட்க வேண்டும், வேறு ஒரு சத்தமும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிரவுசரிலேயே அதற்கு வடிகட்டி இருக்கிறது, மைக்கைக் கேட்கும்போதே அதையும் போடு என்று சொன்னால் போதும். சொன்னேன். ஜெனரேட்டர் அடங்கி, ஆள் நம் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது. சார் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டிக் கேட்டார். அன்று தளம் முழுக்க அவர் செலவில் சமோசா. யார் வந்தாலும் அந்த வடிகட்டியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டோம்.

இனி அந்த நாள்.

பள்ளிக்கூடப் பாட்டுக் குழுக்களுக்கு மெயின்லேண்டில் ஒரு போட்டி அறிவித்தார்கள். வெளியில் பதிந்து மெருகேற்றிய ஃபைலை அனுப்பக்கூடாது. ஒரே மூச்சில், வலைப்பக்கத்திலேயே நேரடியாகப் பாட வேண்டும், வெட்டுவதும் ஒட்டுவதும் கிடையாது என்பது விதி. தீவுகளின் பள்ளிகளுக்கு எங்கள் பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், கொடுத்தோம். தேர்வாகிற குழு சென்னைக்குப் போய் மேடையில் பாடலாம்.

கார் நிக்கோபாரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் பாடி அனுப்பியிருந்தது. பாட்டு டீச்சர் பெயர் எஸ்தர். நம்ம போர்ட் பிளேயர் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அங்கே போஸ்டிங். பிள்ளைகள் எல்லாம் நிக்கோபாரிப் பிள்ளைகள். போர்ட் பிளேயரைத் தாண்டி யாரும் போனதில்லை, பாதிப் பேர் போர்ட் பிளேயரே பார்த்ததில்லை. சென்னை என்றால் எவ்வளவு பெரிய கப்பல் வரும் என்று கேட்கிறார்கள் என்று எஸ்தர் முன்பு ஒருமுறை சொல்லிச் சிரித்திருந்தார்.

கடைசி நாள் காலையில் போட்டிக்காரர்களிடமிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. கார் நிக்கோபார் பாட்டு உடைந்து உடைந்து வருகிறது, சாயங்காலத்துக்குள் மறுபடி பாடி அனுப்பினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இருப்பதை வைத்துத்தான் மார்க். அவர்கள் எஸ்தருக்கும் சொல்லியிருக்கிறார்கள். உடனே எனக்குப் போன்.

"மேடம், எங்க பிள்ளைங்க அப்படிப் பாடல. நான் பக்கத்துலயே நின்னேன். மூச்சு நிக்காம நடுநடுவுல விட்டுட்டுப் பாடுற பிள்ளைங்க இல்ல இவங்க, சச்சி, நெஜமாச் சொல்றேன்."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை. திடீரென்று குரல்கள் முளைத்தன. நீட்டிப் பாட வேண்டிய இடம் வந்தால் குரல் தேய்ந்து மறைந்தது. அடுத்த வார்த்தையில் திரும்ப வந்தது. மூச்சு போதாத பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திப் பாடவைத்தது மாதிரி இருந்தது. யார் கேட்டாலும் தள்ளிவிடுவார்கள்.

நெட் விட்டு விட்டு வந்ததில் துண்டுகள் தொலைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை, வரிசையும் மாறவில்லை. ஆனால் முதல் துண்டுகள் எல்லாம் சோறு காணாத பிள்ளை மாதிரி மெலிந்து கிடந்தன. உள்ளே சத்தம் இருந்தால்தானே துண்டு கனக்கும்? அப்படியானால் வழியில் தொலையவில்லை. அவர்கள் பதிந்த போனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சத்தம் போயிருக்கிறது. எஸ்தரிடம் பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்டேன். முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரே சுருதியில் வாயை மூடி "ம்" என்று பிடிப்பார்களாம், அது நன்றாக நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார்களாம். டீச்சர் சொல்லிக் கொடுத்தது இல்லை, சின்னதிலிருந்தே சர்ச்சில் சேர்ந்து பாடிப் பாடி அவர்களாகவே செய்வது.

என்னிடம் இருந்த பதிவில் அந்த "ம்" இல்லை. துளிகூட இல்லை.

மைக்கை எடுத்து நானே "ம்ம்ம்" என்று பிடித்தேன். திரையில் என் சத்தத்தின் கோடு எழும்பியது, கொஞ்ச நேரத்தில் அப்படியே படுத்துவிட்டது. நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கோடு செத்துக் கிடக்கிறது. வடிகட்டியை அணைத்துவிட்டுப் பிடித்தேன். கோடு நின்றது! ராவ் காரு, நீங்களும் பிடியுங்கள் என்றேன். அவர் பிடித்தார். பின்னால் இருந்தவர்களும் பிடித்தார்கள். ஞானமுத்து சார் உள்ளே வந்தபோது அவருடைய ஆபீஸ் முழுக்க வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுத்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

சொன்னேன். அந்த வடிகட்டிக்குப் பாட்டும் தெரியாது, பேச்சும் தெரியாது. ஏறி இறங்கி வந்தால் அது மனிதப் பேச்சு, வைத்துக்கொள்ளும். மாறாமல் ஒரே மாதிரி நின்றால் அது ஃபேனோ ஜெனரேட்டரோ, தள்ளிவிடும். இந்தப் பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் ஒரே சுருதியில் நின்றிருக்கிறார்கள். எவ்வளவு சுத்தமாக நின்றார்களோ அவ்வளவு சுத்தமாக அது துடைத்துவிட்டது. கொஞ்சம் சுருதி பிசகிப் பாடியிருந்தால் தப்பித்திருப்பார்கள். களையைப் பிடுங்கு என்று விட்டால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதை.

"அத அணைச்சுட்டா?" என்றார் சார்.

அணைத்துவிட்டால் பாட்டு வரும், ஜெனரேட்டரும் வரும். அந்த வாரம் மழைக்காற்றில் அங்கே மெயின் லைன் போயிருந்தது, பள்ளிக்கூடம் சொந்த ஜெனரேட்டரில் ஓடியது. ஷெட் ஹாலுக்கு நேர் பின்னால். வேறு இடம் போகலாம் என்றால் வெளியே மழை, மற்ற கட்டடமெல்லாம் தகரக் கூரை, மழையின் சத்தத்தில் எதுவும் கேட்காது. காங்கிரீட் கூரை அந்த ஹாலுக்கு மட்டும்தான். எஸ்தரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அவர் சட்டென்று சொன்னார், பாடுகிற நேரத்துக்கு ஜெனரேட்டரையே நிறுத்திவிடலாமே என்று. சொன்ன வாயை மூடுவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. ஜெனரேட்டர் நின்றால் வைஃபையும் நிற்கும். மொபைல் சிக்னல் அங்கே பேசுவதற்கே திணறும். எங்கள் பக்கமோ பதியப் பதிய ஒவ்வொரு துண்டாகச் சர்வருக்கு அனுப்பும். நெட் போனால் அதோடு பதிவும் நின்றுவிடும், அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

போனில் பின்னால் பிள்ளைகள் எதற்கோ சிரிப்பது கேட்டது. அவர்களுக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லையாம்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. பதிவது யார்? பிரவுசர். பிரவுசர் எங்கே இருக்கிறது? போனுக்குள். போனில் சார்ஜ் இருக்கிறது. பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் பதிவதற்கு நெட் எதற்கு? துண்டுகளை அனுப்பாமல் அங்கேயே சேர்த்துவைத்துக்கொண்டு, நெட் திரும்பியதும் வரிசையாக அனுப்பினால் போதாதா? போதும்! பக்கத்தைத் திற, ஜெனரேட்டரை நிறுத்து, பாடு, ஜெனரேட்டரைப் போடு. சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சாரின் முதுகு நிமிர்ந்தது. எஸ்தரிடம் மத்தியானம் வரை பொறுங்கள் என்றேன்.

அன்று எழுதிய வேகத்தில் நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பாட்டுக்கு மட்டும் வடிகட்டியை அணைக்கிற வரி ஒரு நிமிஷம், துண்டுகளைச் சேர்த்துவைப்பதுதான் நேரம் பிடித்தது. துண்டுகளைப் போனில் நிலையாகச் சேமிக்கிற வழியும் உண்டு, அதற்கு நேரமில்லை. பக்கத்தின் நினைவிலேயே வைத்தேன். அதில் ஒரு ஆபத்து. பக்கத்தை மூடினாலோ, போன் அணைந்தாலோ, யாராவது கால் செய்து போன் குறுக்கே பாய்ந்தாலோ எல்லாம் போச்சு. முதல் துண்டு போனால் அதைவிட மோசம். ஃபைலின் தலை அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் மற்றதெல்லாம் வந்தாலும் ஓடாது.

முடித்துவிட்டேன், அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. சோதிக்காமல் எதுவும் வெளியே போகாது என்றார் சார். எழுந்து நேரே போய் எங்கள் தளத்தின் நெட்வொர்க் ஸ்விட்சைத் தன் கையாலேயே அணைத்துவிட்டார். நாலா பக்கமும் கூச்சல். அடுத்த பிரிவு அதிகாரி ஓடிவந்தார். அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார் சார். "ரெக்கார்டிங் சல் ரஹா ஹை" என்றார், பதிவு ஓடுகிறது என்று. நெட் இல்லாத அந்த நேரத்தில் ராவ் காரு ஒரு தெலுங்குப் பாட்டைப் பாடினார். ஸ்விட்சைப் போட்டதும் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ராவ் காருவுக்கு இவ்வளவு நல்ல குரலா என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எஸ்தருக்குப் போன் செய்தேன். போனை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள், திரை அணையாமல் வையுங்கள் என்றேன். கடைசியாகச் சொன்னது மட்டும் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. "டீச்சர், ஸ்டார்ட்ட அமுக்குனதுக்கப்புறம் யாரும் போனத் தொடக்கூடாது. பேஜை மூடவே கூடாது. கரண்ட் வந்து, நான் சொல்ற வரைக்கும் அது அப்படியே இருக்கணும். மூடுனா எல்லாம் போயிடும்."

"டீக் ஹை மேடம். தொடமாட்டோம்" என்றார். ஜெனரேட்டரை நிறுத்தப் போகிறோம் என்று இன்னொரு முறை போன் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாக இருந்தது. சார் முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்ததா என்று கேட்பார், இல்லை சார் என்பேன். பாட்டு முடிந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஜெனரேட்டர் திரும்பக் கிளம்பவில்லையோ, மழையில் நனைந்துவிட்டதோ, யாராவது பிள்ளை ஆசைப்பட்டுத் திரையைத் தொட்டுவிட்டதோ என்று ராவ் காருவிடம் புலம்பினேன். போட்டிக்காரர்கள் கதவைச் சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. ராவ் காரு எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார், அதில் ஆடை கட்டியதுதான் மிச்சம்.

முதல் துண்டு வந்தது. தலை வந்துவிட்டது! பிறகு இரண்டு, மூன்று, வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சத்தமாகச் சொன்னேன். பாட்டின் நீளத்தைத் தாண்டியும் துண்டுகள் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தன. என்னடா இது என்று எஸ்தரைக் கூப்பிட்டேன். பதிவு இன்னும் ஓடுகிறதே, ஏன் நிறுத்தவில்லை என்றால், நீங்கள்தானே தொடாதீர்கள் என்றீர்கள் என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். "ஸ்டாப்ப மட்டும் அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றேன். அமுக்கினார். கடைசித் துண்டும் வந்து சேர்ந்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் மெல்லிய மழை. அதற்குள்ளிருந்து அந்த "ம்" எழுந்தது. எத்தனை குரல் என்று பிரிக்க முடியவில்லை, ஒரே குரல்தான். ஆடவே இல்லை. அது நிற்க நிற்க எனக்கு மூச்சு நின்றது. பிறகு வாய் திறந்தது, நாலு திசையாகப் பிரிந்தது, எங்கே போனாலும் திரும்பி வந்து சேர்ந்தது. ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. அழுதுவிட்டேன், மறைக்கவும் இல்லை. பாட்டுக்கு நடுவில் ஞானமுத்து சார் நாற்காலியைத் திருப்பித் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். பாட்டு ஓடும்போது திரையில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு கோடுதான் ஓடுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்த பிறகும் பதிவு ஓடியது. மழை. ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. ஒரு பிள்ளை தும்மியது, உடனே எல்லோரும் சேர்ந்து உஷ் என்றார்கள். மறுபடி மழை மட்டும். வெகு நேரம் கழித்துப் பின்னால் ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. இந்த வாலை வெட்டிவிடலாமா என்று ராவ் காரு கேட்டார். வெட்டக்கூடாது என்பது விதி, அனுப்புங்கள் என்றார் சார். ஜெனரேட்டரும் போகட்டுமா என்றேன், போகட்டும் என்றார்.

சில வாரம் கழித்துப் போட்டிக்காரர்கள் வீடியோ காலில் வந்தார்கள். நடுவர்களில் ஒருவர் சென்னைக்காரர். கார் நிக்கோபார் பிள்ளைகளைத் தேர்வு செய்துவிட்டோம், அதில் பேச்சுக்கே இடமில்லை என்றார். நான் மேஜையைத் தட்டிவிட்டேன். அவர் கேட்க ஒன்று இருந்தது. பாட்டு முடிந்த பிறகும் இவ்வளவு நேரம் பதிவு ஓடுகிறதே, பிள்ளைகள் அங்கேயே இருப்பதும் தெரிகிறது, ஏன் ஒருவரும் பேசவில்லை என்று கேட்டார்.

"கரண்டுக்காக உக்காந்திருந்தாங்க சார்" என்றார் ஞானமுத்து சார். "வந்தாத்தான் பாட்டு போகும். அது வரைக்கும் அசையக்கூடாதுன்னு நெனச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் நடுவர் தலையை ஆட்டினார். சீக்கிரம் அழைத்து வாருங்கள் என்றார்.

கால் முடிந்ததும் எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஹாலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல் வந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். எஸ்தர் மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லையே. அந்தப் பேஜ் என் போன்ல இன்னும் அப்படியேதான் இருக்கு. நான் வேற போன்லதான் பேசிட்டிருக்கேன். பிள்ளைங்க முறை வெச்சு சார்ஜ் போட்டுட்டிருக்காங்க, ஒருத்தரும் தொடல. இப்ப மூடலாமா?"

"மூடுங்க டீச்சர்" என்றேன். "மூடிட்டு மூட்டை கட்டுங்க."